இருண்ட கானில் பறவைப் படம்



ஐப்பசி மாதத்தில், மழை மேகங்கள் கிழக்கே திரளும் நாட்களில், நம் நாட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து சேருகிறது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கோடையைக் கழித்து, குஞ்சு பொரித்து வளர்த்தபின், இரவோடிரவாகப் பறந்து தெற்கே வருகிறது அந்தச் சிறு பறவை. நெடும் பயணத்தால் களைத்து, நகரத்து வீட்டுக் கொல்லைகளிலும் தாழ்வாரங்களிலும் அது விழுந்து கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. முதுகு பச்சை, வயிறு மஞ்சள் கலந்த பழுப்பு, கண்ணின் குறுக்கே கருங்கோடு, சிறகில் நீலம், குட்டையான வாலின் அடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறங்களைத் தரித்த பறவை, தன் அழகை யாருக்கும் காட்டாமல் புதர்களின் அடியில் சருகுகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடி வாழ்கிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கையாக அது குரல் கொடுக்கும். அதனாலன்றோ நம் மக்கள் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயரிட்டனர்!

இந்தக் குருவியைப் படம் பிடிக்க முயன்றுதான் நான் ஒளியைப் பற்றி ஓரளவு கற்றுக்கொண்டேன். அது வாய் திறக்கும் வேளையில் காட்டில் வெளிச்சம் இராது. வெளிச்சம் இருக்கும் வேளையில் அது வெளியே வராது. இருளை விரும்பும் ஓர் உயிரை, ஒளியின்றி இயங்காத ஒரு கருவியைக் கொண்டு பதிவு செய்வது எப்படி? அதற்காக மனிதன் கண்டுபிடித்த மின்னொளி விளக்கு எவ்வாறு தொழிற்படுகிறது? அவ்விளக்கை நாம் எங்கே ஏற்றலாம், எங்கே ஏற்றலாகாது? இம்மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் காட்டின் இருளை அளந்து பார்ப்போம். அடர்ந்த மழைக்காட்டினுள் நுழைந்தவுடன் நம் கண்ணின் பாவை விரிந்து கொடுக்கிறது. ஆகவே அங்கே எவ்வளவு இருள் என்பதை நாம் உணர்வதில்லை. உண்மையில், மரங்களின் உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஒளியே நிலத்தை வந்தடைகிறது. எஞ்சியதையெல்லாம் மேலே அடுக்கடுக்காக விரிந்த இலைகள் பருகிவிடுகின்றன.

இதன் விளைவைக் கணக்கிடுவது எளிது. படம் பிடிப்போரிடையே பழைய சூத்திரம் ஒன்று வழங்குகிறது. வெட்டவெளியில் நல்ல வெயிலில், 100 வேகமுள்ள படச்சுருளைக் கொண்டு, லென்ஸின் திறப்பை எஃப் 16 என்னும் அளவில் வைத்தால், 1/100 நொடி நேரம் ஒளியை உள்ளே விடுவது போதும். திறப்பை எஃப் 5.6 ஆக அகலப்படுத்தினால் எட்டு மடங்கு ஒளி நுழையும். ஆகவே 1/800 நொடியே போதுமானது. ஆனால் காட்டினுள் ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆதலால் நேரம் நூறு மடங்கு பெருக வேண்டும். 1/800 நொடி 1/8 நொடியாகிவிடுகிறது.

எட்டில் ஒரு நொடி என்பது நமக்கு இமைப்பொழுது. குருவிக்கோ அது நெடுநேரம்! அந்த நேரத்துக்குள் அது தலையைத் திருப்பிவிடும், சருகைப் புரட்டிவிடும், ஒரு தத்துத் தத்தி அப்பால் போய்விடும். தொலைவிலுள்ள சிறு பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் 500 மில்லிமீட்டர் லென்ஸோ, நம் கையின் நடுக்கத்தையும் அவ்வாறே பெரிதாக்கிக் காட்டுகிறது. அத்தகைய லென்ஸைக் கையில் ஏந்திப் படமெடுக்க 1/500 நொடியேனும் வேண்டும் என்பது பொது விதி. 1/500 நொடி தேவைப்படும் இடத்தில் காடு நமக்கு அளிப்பது 1/8 நொடி. இந்த இடைவெளியில்தான் பறவைப் படக்காரனின் துன்பமெல்லாம் அடங்கியிருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. இலைகள் ஒளியைக் குறைப்பதோடு நிற்பதில்லை; அதன் நிறத்தையும் மாற்றிவிடுகின்றன. சிவப்பையும் நீலத்தையும் பெரிதும் உட்கொண்டு பச்சையை மட்டும் ஓரளவு கீழே விடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தீக்காக்கை என்றொரு பறவை உண்டு. ஆண் பறவையின் வயிறு நெருப்பைப் போன்ற சிவப்பு. பெயரே அதைச் சொல்கிறது. ஆயினும் பச்சை நிழலில் எடுத்த படத்தில் அந்தச் சிவப்பு, மழையில் நனைந்த செங்கல்லைப் போல் மங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு, மனிதனைக் கண்டால் மங்கிய முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் அமர்ந்திருப்பது அப்பறவையின் வழக்கம்.

காட்டில் வெளிச்சம் இல்லையென்றால் வெளிச்சத்தைக் கொண்டு செல்வோம் என்று மனிதன் துணிந்தான். 1887-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹான்னஸ் கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட் முதலியவற்றைக் கலந்து, பற்றவைத்தவுடன் பளிச்சென்று எரியும் தூள் ஒன்றைச் செய்தனர். அது வெடிமருந்துக்கு உடன்பிறப்பு. ஒளியோடு புகையும் ஓசையும் எழும். கவனம் தப்பினால் கையும் முகமும் வெந்துவிடும்.

அந்தத் தூளைக் காட்டுக்குக் கொண்டு சென்றவர்களுள் புகழ் பெற்றவர் அமெரிக்கரான மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ். இளமையில் அவர் வேட்டைக்காரர். இரவில் படகின் முன்புறம் விளக்கை வைத்து, அதன் ஒளியில் மயங்கி நிற்கும் மானைச் சுடுவது அப்பகுதியில் வழங்கிய வேட்டை முறை. ஷைராஸ் விளக்கையும் படகையும் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் கீழே போட்டுவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தார். 1906 ஜூலை மாதத்தில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் அவருடைய படங்கள் 74-ஐ ஒருசேர வெளியிட்டது. இரவுக் காட்டில் விலங்குகள் எவ்வாறு இருக்கின்றன என்பதை அன்றுதான் பலர் முதன்முதலாகக் கண்டார்கள்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழ் வந்தது. உயிர்வாயு நிரம்பிய குமிழினுள் மெல்லிய அலுமினியத் தகடு எரிந்து ஒளி தரும். புகையில்லை, ஓசையில்லை, ஆனால் ஒரு குமிழுக்கு ஒரே படம். நாற்பது படம் எடுக்க வேண்டுமானால் நாற்பது குமிழ்களைப் பைக்குள் சுமக்க வேண்டும்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹாரல்ட் எட்ஜெர்ட்டன் என்னும் பொறியியலறிஞர் வேறொரு வழியை வகுத்தார். வாயு அடைத்த குழாயினுள் உயர் அழுத்த மின்சாரத்தை ஒரு கணம் பாய்ச்சினால், மின்னலைப் போன்ற ஒளி தோன்றி மறைகிறது. குழாய் எரிந்துபோவதில்லை, மீண்டும் மீண்டும் பயன்படும். கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சிறகடிக்கும் தேன்பருகும் ஹம்மிங் பறவையும் அந்த ஒளியில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் என்பவர் இத்தகைய மின்னொளியைப் பறவைப் படங்களுக்குப் பயன்படுத்தியோருள் முன்னோடி. அவர் வாழ்வில் நேர்ந்த ஒரு விபத்தை நீங்கள் அறிய வேண்டும். 1937-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில், ஓர் ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்துக்கு அவர் இரவில் சென்றார். குஞ்சுகளைக் காத்து நின்ற ஆந்தை ஓசையின்றிப் பாய்ந்து தன் நகத்தால் அவர் இடக் கண்ணைக் கிழித்துவிட்டது. அந்தக் கண்ணை அவர் இழந்தார். ஆயினும் ஒற்றைக் கண்ணோடு 1991-இல் மறையும்வரை பறவைகளைப் படம் பிடித்து வந்தார். அவருடைய மனவுறுதியை வியக்கும் நாம், அந்த ஆந்தையின் பக்கம் நின்றும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் கலைஞர் என்று தெரியாது. இருளில் தன் குஞ்சுகளை நெருங்கிய ஓர் உருவம், அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனி, மின்னொளி விளக்கு தொழிற்படும் முறையைப் பார்ப்போம். விளக்கினுள் சிறு மின்கலங்கள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய மின்சாரத்தைச் சில நொடிகள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது மின்தேக்கி என்னும் உறுப்பு. நாம் பொத்தானை அழுத்தியதும் சேர்ந்த மின்சாரம் முழுவதும் செனான் வாயு அடைத்த குழாயினுள் ஒரே கணத்தில் பாய்கிறது. ஏரியில் நாள்தோறும் தேங்கிய நீர், மதகைத் திறந்தவுடன் பாய்வதைப் போன்றது இது. அந்த ஒளி முழு வலிமையில் ஏறத்தாழ 1/1000 நொடி நிற்கும். வலிமையைக் குறைத்தால் ஒளி மங்குவதில்லை. அது நிற்கும் நேரம்தான் சுருங்குகிறது. பதினாறில் ஒரு பங்கு வலிமையில் 1/10,000 நொடி அளவுக்கு அது குறுகிவிடும். ஆதலின் வேகமாக அசையும் பறவையை உறையவைக்க விரும்புவோர், விளக்கை அருகே வைத்து, வலிமையைக் குறைத்து எடுக்கிறார்கள்.

மின்னொளியைக் கையாள்பவன் அறிய வேண்டிய இயற்கை விதி ஒன்று உண்டு. உங்கள் பௌதிகப் பாடத்தில் அது வந்திருக்கும். ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. இன்றிரவு வீட்டில் ஒரு கைவிளக்கை எடுத்துச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் பிடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு மீட்டர் தொலைவுக்குப் பின்னால் செல்லுங்கள். சுவரில் விழும் ஒளிவட்டம் நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்காகிறது. அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருப்பதால் நான்கில் ஒரு பங்காக மங்கிவிடுகிறது.

இந்த விதியிலிருந்தே வழிகாட்டி எண் என்னும் கணக்கு பிறந்தது. விளக்கின் வழிகாட்டி எண்ணைத் தொலைவால் வகுத்தால் லென்ஸின் திறப்பு கிடைக்கும். எண் 40 என்றால், பறவை 5 மீட்டர் தொலைவில் இருக்கையில் திறப்பு எஃப் 8. 10 மீட்டரில் எஃப் 4. இன்றைய கருவிகள் இக்கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன. எனினும் கணக்கை அறிந்தவனுக்கே கருவி எப்போது தவறுகிறது என்பது புலனாகும்.

விதியை ஏட்டில் படித்திருந்தும் நான் தவறினேன். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆனைமலை அடிவாரத்தில் ஒரு மாலைப்பொழுது. நீரோடைக் கரையில், மூங்கில் புதர்களின் அடியில், ஆறுமணிக் குருவி சருகுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. மேற்கே வானில் இன்னும் பொன்னிறம் மாறவில்லை. மூங்கில்களுக்கிடையே ஒருவகைச் சாம்பல் நீல ஒளி படர்ந்திருந்தது. நான் மின்னொளி விளக்கைக் காமிராவின் தலைமேல் பொருத்தி, நான்கு மீட்டர் தொலைவிலிருந்து மூன்று படங்கள் எடுத்தேன். அக்காலத்தில் படச்சுருளை நகரத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குப் பின் படங்கள் வந்தன. குருவி தெளிவாகத்தான் இருந்தது. இறகு ஒவ்வொன்றையும் எண்ணலாம். மகிழ்ச்சியோடு அடுத்த முறை சென்றபோது அவற்றை எங்களுக்கு வழிகாட்டிய வனக் காவலரிடம் காட்டினேன். முதியவர் படத்தை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, நாம பார்த்தப்ப பொழுது சாய்ஞ்சுக்கிட்டுத்தானுங்களே இருந்துது? இதுல நடுராத்திரியாட்டம் இருக்குதுங்களே!” என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. குருவி நான்கு மீட்டரில் இருந்தது. அதன் பின்னேயிருந்த மூங்கில்கள் பதினாறு மீட்டரில் இருந்தன. தொலைவு நான்கு மடங்கு. ஆகவே ஒளி பதினாறில் ஒரு பங்கு. நானோ குருவிக்கு மட்டும் கணக்குப் பார்த்தேன். மூங்கிலும் ஓடையும் மாலை வெளிச்சமும் கருமைக்குள் மூழ்கிவிட்டன. குருவியின் கண்ணிலோ, லென்ஸின் நேர்கோட்டில் விளக்கு இருந்ததால், உயிரற்ற ஒரு வெண்புள்ளி. அது இருந்த இடத்தையும் வேளையையும் அழித்துவிட்டு, பொருட்காட்சிக் கண்ணாடிப் பேழையில் பஞ்சடைத்து வைத்த பறவையைப் போல அதை ஆக்கிவிட்டேன்.

அந்தப் பெரியவரின் ஒரே வாக்கியம் எனக்குப் பாடமாயிற்று. காட்டின் ஒளியை விரட்டிவிட்டு அதன் இடத்தில் அமர்வது மின்னொளியின் வேலையன்று. காட்டின் ஒளி குறைந்த இடத்தில் மட்டும் கைகொடுப்பதே அதன் வேலை. மறு ஆண்டு, காலை ஒன்பது மணியளவில், அதே ஓடைக் கரையில் மீண்டும் காத்திருந்தேன். இம்முறை 400 வேகமுள்ள படச்சுருள்; காமிரா முக்காலியின் மேல் அசையாது நின்றது. திறப்பு எஃப் 5.6, நேரம் 1/60 நொடி. காட்டின் இயல்பான ஒளிக்குத் தேவையான நேரத்தில் அது பாதி. மீதிப் பாதியை மட்டும் மின்னொளி தர வேண்டும். ஆறு மீட்டர் தொலைவுக்கு விளக்கின் முழு வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதுமானதாயிற்று. விளக்கையும் காமிராவின் தலையிலிருந்து அகற்றி, ஒரு முழம் உயரத்தில், சற்றே பக்கவாட்டில் பொருத்தினேன். அந்தப் படத்தில் மூங்கில் மூங்கிலாகவே இருந்தது. ஓடையில் வானம் தெரிந்தது. குருவியின் வாலடியில் சிவப்பு சிவப்பாக இருந்தது. விளக்கு எரிந்ததற்குச் சாட்சி, கண்ணில் ஒளிர்ந்த ஒரு சிறு பொட்டு மட்டுமே.

மாணவர்களே, இதுவரை சொன்னது கைத்திறன். அதை ஓராண்டில் கற்றுவிடலாம். இனிச் சொல்லப்போவதைக் கற்க எனக்கு நீண்ட நாட்கள் ஆயின.

ஆறுமணிக் குருவியின் படத்தால் துணிவு பெற்ற நான், அடுத்த கோடையில் மரகதப் புறாவின் கூடு ஒன்றைக் கண்டேன். மரகதப் புறா நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. அதன் சிறகின் பச்சை, மரகதக் கல்லைப் போலப் பளபளப்பது. ஆனால் நிழலில் வாழும் அப்பறவையின் பளபளப்பை நிழலே மறைத்துவிடும். அதற்கு ஒளி வேண்டும். கூடு ஆள் உயரத்தில், ஒரு சிறு மரத்தின் கவையில் இருந்தது. கூடு என்று சொல்வதற்குப் பத்திருபது சுள்ளிகள். அதன்மேல் வெண்மையும் மஞ்சளும் கலந்த இரண்டு முட்டைகள். அவற்றைப் போர்த்து அமர்ந்திருந்தது தாய்ப் புறா.

கூட்டின் முன்னே இரண்டு மூன்று சிறு கிளைகள் தாழ்ந்திருந்தன. மின்னொளி அவற்றில் பட்டால் புறாவின்மேல் நிழல் விழும். எனவே அவற்றை வெட்டி அப்புறப்படுத்தினேன். விளக்கைத் தாங்க ஒரு கழியை நட்டேன். புறா பறந்துபோயிற்று, ஒரு மணி நேரத்துக்குப்பின் திரும்பி வந்து அமர்ந்தது. ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் அது உடலைச் சுருக்கிக்கொண்டது. ஆனால் முட்டைகளை விட்டு எழவில்லை. அதை அதன் பொறுமை என்று நான் கருதினேன்.

மறுநாள் காலை சென்றபோது கூடு வெறுமையாக இருந்தது. சுள்ளிகளின்மேல் உடைந்த ஓட்டின் சிறு துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அருகிலிருந்த மரத்தில் வால்காக்கை ஒன்று கரகரத்த குரலில் கத்திக்கொண்டிருந்தது. பிற பறவைகளின் முட்டைகளைத் திருடி உண்பது வால்காக்கையின் இயல்பு. அதை நாம் குறை கூற முடியாது. அதன் கண்ணுக்குத் தெரியாதபடி அந்தக் கூட்டை மறைத்து வைத்திருந்தவை அந்த இரண்டு மூன்று கிளைகளே. அவற்றை வெட்டியவன் நான்.

படம் மிக நன்றாக வந்திருந்தது. ஒரு கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பார்க்க வந்த கல்லூரி மாணவி ஒருத்தி படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, இந்த முட்டைகள் பொரித்தனவா?” என்று கேட்டாள். வந்திருந்த பெரியவர்களெல்லாம் லென்ஸைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் கேட்டார்கள். முட்டைகளைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான். நான் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையை அசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அவள் கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் படத்தை அதற்குப்பின் நான் எங்கும் அனுப்பவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் சேதப்படுத்துவதையும் வேட்டை என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. சரணாலயத்தினுள் படமெடுக்கச் செல்பவர் அனுமதி பெற வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. நான் அந்தக் கிளைகளை வெட்டியபோது சட்டம் இருந்தது. நான்தான் அதைப் படித்திருக்கவில்லை. ஷைராஸ் துப்பாக்கியைக் கீழே போட்டுக் காமிராவை எடுத்தார் என்று சொன்னேன். காமிராவை எடுத்துக்கொண்டே வேட்டையாடவும் முடியும் என்பதை நான் செய்து காட்டியிருந்தேன்.

அந்த அனுபவத்திலிருந்து நான் எனக்கென வகுத்துக்கொண்ட சில நெறிகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டருகே மின்னொளியும் வேண்டாம், காமிராவும் வேண்டாம். கூட்டில் அமர்ந்த பறவை அசையாதிருப்பது இசைவின் அடையாளமன்று. முட்டைகளை விட்டுப் போக மனமின்றி அச்சத்தைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது என்பதே அதன் பொருள். ஹாஸ்கிங்கைத் தாக்கிய ஆந்தையும், என் முன்னே உடலைச் சுருக்கிய புறாவும் ஒரே அச்சத்தைத்தான் வெளிப்படுத்தின. ஒன்றுக்கு நகம் இருந்தது, மற்றதற்கு இல்லை.

இரண்டாவது, பகலும் இரவும் ஒன்றல்ல. பகல் நிழலில், காட்டின் ஒளிக்குத் துணையாகக் குறைந்த வலிமையில் எழும் மின்னொளியைப் பல பறவைகள் பொருட்படுத்துவதில்லை என்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். இரவிலோ ஆந்தையின் கண்பாவை அகலத் திறந்திருக்கும். பக்கியின் கண்ணிலோ, உள்ளே நுழைந்த ஒளியைத் திருப்பி அனுப்பி மங்கிய ஒளியையும் பயன்படுத்தும் அடுக்கு ஒன்று இருக்கிறது. வண்டி விளக்கில் அதன் கண்கள் தணல்போல் ஒளிர்வது இதனால்தான். இருளுக்கென அமைந்த அத்தகைய கண்களின்மேல் நேருக்கு நேராக மின்னலை வீசுவது முறையன்று. சாலையில் அமர்ந்த பக்கி கண் கூசிப் பறந்தால், எதிர்வரும் வண்டியை அது எங்ஙனம் காணும்?

மூன்றாவது, பறவையின் நடத்தையே நமக்கு அளவுகோல். நாம் வருமுன் அது எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே நாம் வந்த பின்னும் செய்துகொண்டிருந்தால் நாம் தொல்லையாக இல்லை. இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தாலும், இறகைக் கோதுவதை விட்டு உடலை ஒடுக்கினாலும், எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்கவைத்து ஆறுமணிக் குருவியை வெளியே இழுப்போரும் இருக்கிறார்கள். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று எண்ணி அது இரையையும் மறந்து ஓடி வருகிறது. நெடுந்தொலைவு பறந்து இளைத்து வந்த விருந்தாளிக்கு நாம் செய்யும் உபசாரம் இதுவா?

நான்காவது, எத்தனை படம் எடுப்பது என்று முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். குமிழ் விளக்குக் காலத்தில் பையிலிருந்த குமிழ்கள் தீர்ந்ததும் படக்காரன் வீடு திரும்பினான். இன்றைய விளக்குக்கும் எண்மக் காமிராவுக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே தடையை நம் மனத்துக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலம் பெரிதும் மாறிவிட்டது. 1600, 3200, 6400 என்று ஒளியுணர்வை உயர்த்தினாலும் தெளிவு அதிகம் குன்றாத காமிராக்கள் வந்துவிட்டன. முன்பு 1/8 நொடி தேவைப்பட்ட அதே நிழலில், 1600 என்னும் அளவில் 1/125 நொடி போதும். முக்காலியும் பொறுமையும் உள்ளவனுக்குப் பல வேளைகளில் மின்னொளியே தேவைப்படுவதில்லை. நிறத்தை மீட்கவும் கண்ணுக்கு ஓர் ஒளிப்பொட்டு இடவும் மட்டும் அதைச் சிறிதளவு பயன்படுத்தலாம். சமையலில் உப்பைப் போல அது இருக்க வேண்டும், இருப்பதே தெரியலாகாது.

நம் தமிழ்நாட்டிலேயே இத்துறையில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காட்டைப் பற்றி எழுதினார். விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். பல உறுப்புகளைத் தாமே சேர்த்து அமைத்த காமிராவைச் சுமந்து அவர் காடுகளில் நடந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவருடைய படங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். விலை உயர்ந்த கருவிக்கும் நல்ல படத்துக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுவதைவிடக் குறைவு என்பதை அவை உணர்த்தும்.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் கையில் காமிரா இருக்கும், பலரிடம் இராது. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே. வரும் ஐப்பசியில், உங்கள் ஊருக்கு அருகே தோப்போ புதர்க்காடோ இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாலை ஐந்தரை மணிக்குச் சென்று ஓரிடத்தில் அசையாமல் அமருங்கள். கையில் ஒன்றும் வேண்டாம். வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைவதையும், பச்சை சாம்பலாவதையும், சாம்பல் கருமையாவதையும் கவனியுங்கள். உங்கள் கண் எவ்வளவு இருளில் எவ்வளவு காண்கிறது என்பதை அன்று அறிவீர்கள். ஆறு மணிக்கு எங்கேனும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி எழாதீர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள். சருகு அசையும், சிறிது நேரத்தில் ஒரு சிறு உருவம் தத்தித் தத்தி வெளியே வரும்.

அது உங்களைக் கண்டும் காணாததுபோல் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால், நீங்கள் காட்டில் இருக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். அதன் பிறகு விளக்கைக் கையில் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்.